விலை தெரிந்தவரின் மௌனம்

இணைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் தமக்குள் நடத்தும் வணிகத்தில் எவரும் எவரையும் வற்புறுத்துவதில்லை. ரூன்ஸ்கேப் என்னும் விளையாட்டில் ஒருவர் மற்றொருவரோடு பொருள் மாற்றிக்கொள்ள முனைந்தால் இருவர் திரையிலும் ஒரு கட்டம் விரிகிறது; தருவதும் பெறுவதும் அதில் அடுத்தடுத்து வைக்கப்பட்டு, இருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பின், அதே விவரத்தைச் சொற்களில் எழுதிக்காட்டும் இரண்டாம் கட்டம் தோன்றி மறுபடியும் சம்மதம் கேட்கிறது. இருமுறை கேட்டுப் பெற்ற சம்மதத்தைக் காட்டிலும் தெளிவான உடன்பாடு வெளியுலகச் சந்தைகளிலேயே அரிது. ஆயினும், தான் விற்ற வாள் அதே வேளையில் அடுத்த தெருவில் பத்து மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதைச் சில நாள் கழித்து அறியும் ஒருவருக்கு அந்த இரண்டு சம்மதங்களும் எந்த ஆறுதலும் தருவதில்லை. வாங்கியவர் பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை, பொருளின் தன்மையைத் திரிக்கவுமில்லை. தமக்குத் தெரிந்திருந்த ஒரே ஒரு எண்ணைச் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். இந்தச் சொல்லாமையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரு கணக்குக் கேள்வியாக மாற்றிப் பேசுகிறார்கள்: நியாயமான விலையைச் சரியாகக் கணித்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டால் ஏமாற்றும் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது ஐயத்துக்குரியது. ஏனெனில், லட்சக்கணக்கானோர் புழங்கிய ஓர் உலகில் அது மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமாகவே இருந்திருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால், விலையைக் கணிக்க உலகிலேயே எளிதான இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கே தானியம் ஈரம் பிடிப்பதில்லை, வண்டிக்கூலி இல்லை, ஒரு வாளுக்கும் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வாளுக்கும் அணுவளவும் வேறுபாடு இல்லை. ஒரு விலங்கைக் கொன்றால் ஒரு பண்டம் கிடைக்கும் வாய்ப்பு எத்தனைக்கு ஒன்று என்பது நிரலில் எழுதப்பட்ட எண். அந்தப் பண்டம் இந்த நொடியில் உலகம் முழுவதிலும் எத்தனை இருக்கிறது என்பதையும் விளையாட்டை நடத்தும் கணினியால் எண்ணிச் சொல்லிவிட முடியும். பொருளியலாளர் எட்வர்டு காஸ்ட்ரோனோவா, எவர்குவெஸ்ட் விளையாட்டின் நோராத் என்னும் கற்பனை உலகைப் பற்றி 2001 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுரையில், அவ்வுலக நாணயத்தின் மதிப்பு 0.0107 அமெரிக்க டாலர் என்றும், அது அன்றைய யென்னையும் லிராவையும் விட உயர்ந்தது என்றும், நோராத்தின் தலா உற்பத்தி இந்தியா, சீனா உள்ளிட்ட பல நாடுகளை விஞ்சுகிறது என்றும் கணக்கிட்டார். ஆனால் அந்தத் துல்லியம் விளையாட்டின் உள்ளிருந்து கிடைத்ததன்று. வெளியே ஏலத் தளங்களில் உண்மையான பணத்துக்கு விற்கப்பட்டவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்றது. உள்ளே விலை என்பது கூச்சலாக மட்டுமே இருந்தது. நோராத்தின் கிழக்கு காமன்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த ஒரு சுரங்கப்பாதையில் கூடி நின்று ஆட்டக்காரர்கள் தத்தம் சரக்கைக் கூவி விற்றார்கள். ரூன்ஸ்கேப்பில் வாரோக் நகரத்து மேற்கு வங்கியின் வாசலில், ஒருவர் தலைமேல் மற்றவர் எழுத்து ஏறிப் படிக்க முடியாத அளவுக்கு, மஞ்சள் நிற எழுத்துகள் மிதந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது சுற்றி நிற்பவர்களுக்கு மாடு தெரியும், இருவர் முகமும் தெரியும், முடிந்த விலை மட்டும் தெரியாது. வங்கி வாசலிலும் அப்படியே, கேட்கும் விலை ஊரறியக் கூவப்பட்டது, முடிந்த விலை இருவருக்கு மட்டும் விரியும் கட்டத்துக்குள் அடங்கிப்போனது. எனவே, விலையை அறிய விரும்பியவர் அறிந்ததெல்லாம் பிறர் விரும்பிய விலையைத்தான்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கணிப்பின் முதல் பிழையே இங்குதான் பிறக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளில் ஏலக்கூடம் என்ற அமைப்பு வந்தபோது, கூச்சல் பட்டியலாக மாறியது. எந்தப் பண்டத்துக்கு யார் என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கருவிகள் கொண்டு திரட்டவும், ஒவ்வாத உச்ச விலைகளைக் கழித்துவிட்டுச் சராசரி காணவும் முடிந்தது. ஆயினும் பட்டியலில் இருப்பது விற்பனைக்கு வைக்கப்பட்ட விலையே தவிர விற்ற விலையன்று. சரியான விலைக்கு வைக்கப்பட்ட பொருள் சில நிமிடங்களில் வாங்கப்பட்டு மறைந்துவிடுகிறது. தவறான விலைக்கு வைக்கப்பட்டது நாள்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. பட்டியலைத் திறந்து பார்க்கும் ஒருவரின் கண்ணில் படுவது பெரும்பாலும் விற்காமல் தங்கிப்போன பிழைகளின் குவியல். அதிலிருந்துதான் அவர் சராசரி எடுக்கிறார். நியூசிலாந்தில் உருவாகி 2013இல் வெளிவந்த பாத் ஆஃப் எக்ஸைல் விளையாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றிய வடிவம் கொள்கிறது. அங்கே அரிய வகைக் கவசம் ஒவ்வொன்றும் தற்செயலாகச் சேர்ந்த பண்புகளால் ஆனது என்பதால், ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதே அரிது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லாத பொருளுக்கு விலை எவ்வாறு காண்பது? இயந்திரக் கற்றல் வழியாக மதிப்பைக் கணித்துச் சொல்லும் கருவிகள் அதற்கென எழுந்தன. ஆனால் பொதுவெளியில் கிடைக்கும் தரவு வைத்த விலைகளை மட்டும் கொண்டிருப்பதால், எவ்வளவு நுட்பமான கணிதமும் ஆசைகளையே சராசரியாக்குகிறது. இதை உணர்ந்த சிலர், தம்மிடம் உள்ள பண்டத்தை விற்கும் எண்ணமே இல்லாமல் மிகக் குறைந்த விலைக்குப் பட்டியலில் ஏற்றி வைக்கிறார்கள். அதைப் பார்த்து விவரமறியாதவர் தம் பொருளுக்கும் அதே விலை வைக்க, அடுத்த நொடியே அதை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். விலைப் பொறி என்று சொல்லத்தக்க இந்த வழக்கத்தில் பொய்ச்சொல் ஒன்றுகூட உச்சரிக்கப்படுவதில்லை. மதிப்பிடும் முறையே பொய்யின் கருவியாகிவிடுகிறது.

பிரைஸ் செக் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் விலை விசாரிப்பு இதற்கு மாற்றாகத் தோன்றலாம்: தெரியாதவர் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் விலையைக் கேட்பவர் கேட்கும் அந்தக் கணத்திலேயே இரண்டு செய்திகளை ஊருக்கு அறிவித்துவிடுகிறார். தம்மிடம் அந்தப் பண்டம் இருக்கிறது என்பது ஒன்று, அதன் மதிப்பு தமக்குத் தெரியாது என்பது மற்றொன்று. முதலில் விடை சொல்ல முந்துகிறவர் பெரும்பாலும் அதை வாங்க விரும்புகிறவராகவே இருப்பார். அறியாமையைப் போக்கிக்கொள்ள ஒருவர் எடுக்கும் முயற்சி அவரை முன்னிலும் எளிய இரையாக்குகிறது என்பது இந்த வணிகத்தின் மிகக் கொடிய கூறுகளில் ஒன்று; கேள்வி கேட்பதை அறிவின் தொடக்கமாகக் கருதிப் பழகிய எவருக்கும் இது மன அமைதியைக் குலைப்பதாகவே இருக்கும்.

அளக்கப்படும் பொருள் ஒருபுறம் இருக்க, அளவுகோலும் நிலையாக நிற்பதில்லை. வால்வ் நிறுவனத்தின் டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் நாணயம் என்ற ஒன்று வகுக்கப்படவில்லை. ஆட்டக்காரர்கள் தாமாகவே, வேண்டாத ஆயுதங்களை உருக்கிப் பெறும் உலோகத்தை நாணயமாக்கிக்கொண்டார்கள். இரண்டு ஆயுதம் உருகினால் ஒரு துண்டு, மூன்று துண்டு சேர்ந்தால் ஒரு மீட்டெடுத்த உலோகம், அது மூன்று சேர்ந்தால் ஒரு சுத்திகரித்த உலோகம் என்பது வாய்பாடு. ஆயுதங்களோ விளையாடுகிற எல்லோருக்கும் இலவசமாக உதிர்ந்துகொண்டே இருந்தன. பெட்டிகளைத் திறக்கும் சாவி கடையில் 2.49 டாலருக்கு விற்கப்பட்டதால் அது அசையாமல் நிற்க, தொடக்கத்தில் இரண்டு மூன்று சுத்திகரித்த உலோகத்துக்குக் கிடைத்த சாவி, ஆண்டுகள் செல்லச் செல்லப் பத்துகளின் எண்ணிக்கையில் உலோகம் கேட்டது. பின்னாளில் கிரேக்க நாட்டின் நிதியமைச்சரான யானிஸ் வாரூஃபாகிஸ் 2012இல் வால்வ் நிறுவனத்தில் பொருளியலாளராகச் சேர்ந்து ஆராய்ந்ததும் இந்தப் பண்டமாற்றைத்தான். ஒரே பொருளுக்கு இருவேறு மாற்றுவழிகளில் இருவேறு மதிப்பு கிடைக்கும்போது அந்த இடைவெளியில் நுழைந்து ஆதாயம் எடுப்பது எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. ரூன்ஸ்கேப்பில் இதற்கு நேர்மாறாக, பல பண்டங்களுக்கு அடியில் ஓர் உறுதியான தரை உண்டு. ஹை ஆல்கமி என்னும் மந்திரத்தைக் கொண்டு ஒரு பொருளை அதன் அடிப்படை மதிப்பில் 60 விழுக்காட்டுக்குக் காசாக மாற்றிவிடலாம் என்பதால், அந்தத் தொகையிலிருந்து மந்திரத்துக்குச் செலவாகும் கல்லின் விலையைக் கழித்தால் வருவதற்குக் கீழே எந்தப் புத்திசாலியும் விற்கமாட்டார். தரை இருக்கும் பண்டங்களைப் பற்றிய வழக்கு குறைவு. தரையும் இல்லாமல் கூரையும் இல்லாமல் தொங்குகிற பண்டங்களில்தான் நியாயம் என்ற கேள்வி கூர்மை பெறுகிறது.

அவற்றுள் தலையாயது ரூன்ஸ்கேப்பின் காகிதத் தொப்பி. 2001ஆம் ஆண்டு கிறிஸ்துமஸையொட்டி, இருவர் சேர்ந்து இழுத்தால் வெடிக்கும் பட்டாசுக் குழல்கள் அவ்வுலகின் தரையெங்கும் இறைக்கப்பட்டன. அவற்றுக்குள்ளிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலம், ஊதா என ஆறு நிறங்களில் காகித மகுடங்கள் வந்தன. அணிந்தால் எந்தக் காப்பும் இல்லை, ஆற்றலும் கூடுவதில்லை. மறு ஆண்டுகளில் அவ்வாறு இறைக்கப்படாததாலும், கைவிடப்பட்ட கணக்குகளோடு பல தொப்பிகள் எவருக்கும் எட்டாமல் போனதாலும், இருப்பு குறைய விலை ஏறியது. கணினி ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய காசுகளின் உச்ச எண்ணிக்கை 2,147,483,647 என்ற எல்லையில் நின்றுபோக, தொப்பிகளின் விலை அந்த எல்லையையும் கடந்துவிட்டது. ஒரு கடையில் 25 காசுக்கு வாங்கி அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்த ஸ்பிரிட் ஷார்டு என்னும் சில்லுகளைக் காசுக்குப் பதில் எண்ணிக் கொடுத்து வணிகத்தை முடித்தவர்கள் உண்டு. விளையாட்டை வடிவமைத்தவர்களின் கற்பனைக்குள் அடங்காத விலை என்று இதைச் சொல்லலாம். இத்தகைய பொருளுக்கு நியாய விலை என ஒன்று உண்டா என்பதற்கு வழக்கமான விடை, வாங்குபவர் கொடுக்கச் சம்மதிப்பதே விலை என்பது. அந்த விடையில் ஓர் உண்மை இருந்தாலும், சம்மதம் எதை அறிந்து தரப்பட்டது என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை.

ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் மையச் சந்தையைத் திறந்தது. வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் தத்தம் விலையைப் பதிந்துவிட்டால், ஒருவரையொருவர் காணாமலேயே பொருள் கைமாறும். முந்தைய விற்பனைகளிலிருந்து கணக்கிடப்பட்ட வழிகாட்டு விலை ஒன்று ஒவ்வொரு பண்டத்துக்கும் அறிவிக்கப்படும். அந்த விலைக்கு 5 விழுக்காடு மேலும் கீழும் மட்டுமே அன்று பேரம் சென்றது. அதோடு நிற்கவில்லை. விளையாட்டுக் காசை உண்மையான பணத்துக்கு விற்ற கும்பல்களையும் அவற்றின் பின்னிருந்த கடன் அட்டை மோசடியையும் ஒழிக்கும் பொருட்டு, 2008 ஜனவரி முதல், இருவர் நேரடியாகச் செய்துகொள்ளும் மாற்றமும் இரு பக்க மதிப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கு 3,000 காசு என்பதே பொறுத்துக்கொள்ளப்பட்ட வேறுபாடு. அதாவது, நியாய விலை என்பது கணிக்கப்பட்டு, அறிவிக்கப்பட்டு, மீற முடியாததாகவும் ஆக்கப்பட்டது. தத்துவவாதிகள் ஏட்டில் மட்டும் எழுதிப் பார்த்த ஓர் ஏற்பாடு அங்கே 2011 பிப்ரவரி வரை நடந்தது. அதன் முதல் விளைவு எதிர்பார்க்கத்தக்கது: ஒருவர் அறியாமையைப் பயன்படுத்தி மற்றவர் பறிப்பது பெருமளவு நின்றுபோனது. இரண்டாவது விளைவை எதிர்பார்த்தவர் குறைவு. விளையாட்டில் முதிர்ந்த ஒருவர், நேற்று வந்த புதியவருக்குத் தம் பழைய கவசத்தைக் கழற்றிக் கொடுப்பது அவ்வுலகின் பழைய வழக்கம். இப்போது அது முடியாமல் போனது. புதியவர் பதிலுக்குத் தர ஏதுமில்லாததால், மாற்றம் சமமற்றது என்று இயந்திரம் மறுத்தது. கொடையும் பறிப்பும் எண்ணளவில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இரண்டிலும் ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கிறது. விலையை மட்டும் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. இந்த நிகழ்வைக் கடந்துபோக முடியாமைக்குக் காரணம் இதுதான்: ஏமாற்றின் சாரம் எண்களின் சமமின்மையில் இருந்திருந்தால், அன்பளிப்பும் ஓர் ஏமாற்றாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை என்பதை எந்தச் சிறுவனும் அறிவான். கவசம் பெறும் புதியவருக்கும் தருபவருக்கும் என்ன நடக்கிறது என்பது ஒருசேரத் தெரிந்திருக்கிறது, வாளை இழந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது விளைவு இன்னும் விந்தையானது. காகிதத் தொப்பியின் வழிகாட்டு விலை அதன் உண்மையான தெருவிலையிலிருந்து வெகுவாகப் பின்தங்கியிருந்ததால், அந்த விலைக்கு விற்க எவரும் முன்வரவில்லை. விற்பனை நடக்காததால் வழிகாட்டு விலையும் ஏறவில்லை. எனவே தொப்பியை விற்பவர், அறிவிக்கப்பட்ட விலை மிகுந்தும் எவரும் விரும்பாததுமான குப்பைப் பண்டங்களைத் தொப்பியோடு சேர்த்து வைத்து, வாங்குபவர் கூடுதலாகத் தரும் காசுக்கு ஈடு காட்டினார். ஜங்க் என்றே அழைக்கப்பட்ட அந்தக் குப்பைக்கென்று தனி வணிகமும் தனி மதிப்பும் உருவாயின. சமமாகத் தோன்றச் செய்யும் ஆற்றலுக்காகவே ஒரு பொருள் விலைபோனது. இன்னொரு பக்கம், நாளொன்றுக்கு 5 விழுக்காடு வரை நகரக்கூடிய வழிகாட்டு விலையைக் கூட்டமாகச் சேர்ந்து நகர்த்தும் வணிகக் குழுக்கள் தோன்றின. தலைவர்கள் ஒரு பண்டத்தை முன்கூட்டியே குவித்து வைத்துவிட்டு, அதை உச்ச விலைக்கு வாங்கும்படி ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்கு அறிவிப்பார்கள், விலை ஏறும், ஏறிய விலையில் தலைவர்கள் தம் இருப்பை அந்தத் தொண்டர்களிடமே தள்ளிவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு விற்பனையும் அறிவிக்கப்பட்ட நியாய விலையிலேயே நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கணிப்பு வெளியானதும் அது சந்தையைப் பார்க்கும் சாளரமாக நில்லாமல் சந்தையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அளவிடப்படும் பொருள் அளவீட்டைக் கண்டு தன்னை மாற்றிக்கொள்ளும் இடத்தில் எந்த எண்ணும் நெடுநாள் நியாயமானதாக இருக்க முடியாது. கடைசியில் கட்டுப்பாட்டை நீக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீக்கத்தை ஆதரித்தார்கள். மோசடிக்கு ஆளாகும் வாய்ப்பும் கூடவே திரும்பி வரும் என்பதை அறிந்தே அவ்வளவு பேரும் வாக்களித்தார்களா என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய இயலாது. கொடுக்கும் உரிமையை அவர்கள் திரும்பப் பெற்றார்கள் என்பது மட்டும் உறுதி.

இந்தக் கேள்வி விளையாட்டுகளோடு பிறந்ததன்று. கி.மு. 44இல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கு விவாதிக்கப்படுகிறது: ரோட்ஸ் தீவில் பஞ்சம், அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்கிறார் ஒரு நேர்மையான வணிகர், பின்னால் மேலும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்கலாமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சட்டம் கேட்கும் குறைகளை மட்டும் சொன்னால் போதும், வேறு பொய் சொல்லாதவரை தம் சரக்கைத் தக்க விலைக்கு விற்க அவருக்கு உரிமை உண்டு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், விற்பவருக்குத் தெரிந்தது எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். திருக்குறளில் வணிகரின் அறத்தைச் சொல்லும் 120ஆம் குறள், பொருளீட்டலைப் பேசும் பொருட்பாலில் வைக்கப்படாமல் அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைக்கப்பட்டிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பிறர் பொருளைத் தம் பொருளைப்போல் பேணுவது அங்கே வணிகத்துக்கு வெளியிலிருந்து சேர்க்கப்படும் கருணையாக வரவில்லை, வணிகம் என்ற செயலின் இயல்பாகவே வருகிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு சோதனையை வகுக்கலாம்: எதிரில் இருப்பவருக்குத் தமக்குத் தெரிந்தது முழுவதும் தெரிந்திருந்தாலும் இதே விலைக்கு அவர் ஒப்புவாரா என்று கேட்டுப் பார்ப்பது. கொடை இந்தச் சோதனையில் தேறுகிறது, வாள் வாங்கியவரின் மௌனம் தேறுவதில்லை. ஆனால் சோதனையும் ஐயங்களுக்கு அப்பாற்பட்டதன்று. பலநூறு மணி நேரம் சந்தையைக் கவனித்து, எந்தப் பண்டம் எந்தக் கிழமையில் ஏறும் என்று கற்றுக்கொண்ட ஒருவரின் அறிவும் ஓர் உழைப்பின் விளைவே. அதை ஒவ்வொரு பேரத்திலும் இலவசமாகக் கொட்டிவிட வேண்டும் என்றால், நாளை அவ்வாறு உழைக்க எவர் முன்வருவார்? ஃபிளிப் செய்பவர்கள் எனப்படும், குறைந்த விலைக்கு வாங்கி மிகுந்த விலைக்கு விற்போர் இல்லாத சந்தையில், அவசரமாக விற்க வேண்டியவருக்கு வாங்க ஆளே கிடைக்காமல் போகலாம். ஆகவே உழைத்துத் தேடிய அறிவுக்கு ஒரு கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கூலி எவ்வளவு என்பதில் மீண்டும் விலைக் கேள்வியே தலைதூக்குகிறது. எதிரில் இருப்பவர் நேற்றுத்தான் விளையாட வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று தெரிந்த பிறகும் அந்தக் கூலியைக் கேட்பவர், கேட்பது கூலியைத்தானா என்பதையும் தமக்குத் தாமே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ரோட்ஸ் வணிகரின் வழக்கை ஆட்டக்காரர்கள்மேல் மட்டும் ஏற்றுவது முறையுமன்று. கப்பல்கள் வருவதை உண்மையில் அறிந்தவர் வேறொருவர் இருக்கிறார். அவரே அந்தக் கப்பல்களைக் கட்டுகிறவரும்கூட. கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் 2013 ஆகஸ்டு முதல் துப்பாக்கிகளுக்கும் கத்திகளுக்கும் வண்ணப்பூச்சுகள் வந்தன. ஸ்கின் எனப்படும் இவற்றில், தேய்மானத்தைக் குறிக்கும் ஒரு தசம எண்ணிலும் நிறத் திட்டுகள் விழுந்த விதத்திலும் உள்ள வேறுபாட்டுக்காகவே விலை பலமடங்கு மாறும். பெட்டிகளில் கத்தி கிடைப்பது மிக அரிதாக இருந்ததால், அந்த அருமையை நம்பியே ஒரு பெரும் சந்தை ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டது. 2025 அக்டோபரில் வால்வ் நிறுவனம் ஒரு மாற்றத்தை அறிவித்தது: கத்திக்கு அடுத்த கீழ்நிலையிலுள்ள சிவப்பு வகை ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம். ஓரிரு நாளில் கத்திகளின் விலை சரிந்து சிவப்பு வகையின் விலை எகிறியது. முந்தைய நாள் ஒரு கத்தியை வாங்கியவர் சந்தையின் எல்லாத் தரவுகளையும் கற்றவராக இருந்திருக்கலாம், விற்றவரும் அவ்வாறே. இருவருடைய அறிவும் சமமாக இருந்தும், இருவருக்கும் தெரியாத ஒன்று மூன்றாமவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்றாமவரின் சந்தையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும், விற்பவர் பெறும் தொகைக்கு மேல் ஏறத்தாழ 15 விழுக்காடு அவருக்குக் கட்டணமாகச் செல்கிறது. விளையாட்டைச் சீர்செய்ய அவருக்கு உரிமை உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் மோசக்காரர் என்று குற்றஞ்சாட்டும் பேச்சுகளில் இந்தப் பெரிய மௌனம் கணக்கில் கொள்ளப்படாமலேயே போவது வருத்தத்துக்குரியது.

மௌனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் கேள்வி தீர்வதில்லை. வெனிசுவேலாவின் பணம் மதிப்பிழந்து சரிந்த ஆண்டுகளில், 2017ஐ ஒட்டி, அந்நாட்டினர் பலர் ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தில் பச்சை நிற டிராகன்களைக் கொன்று, அவற்றின் எலும்பையும் தோலையும் விற்றுச் சேர்த்த காசை, விதிகளுக்குப் புறம்பாக, வெளியே டாலருக்கு விற்று உணவு வாங்கினார்கள். டிராகன் தோலை வாங்கியவருக்கு அதன் சந்தை விலை தெரியும், விற்றவருக்கும் தெரியும். சோதனை முழுமையாகத் தேறுகிறது. ஆனால் ஒருவருக்கு அந்தத் தோல் ஒரு மாலைப்பொழுதின் மிச்சம், மற்றவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. டிராகன்கள் திரியும் நிலப்பகுதியில் ஆட்டக்காரரை ஆட்டக்காரர் கொல்லலாம் என்பதால், அவர்களை வேட்டையாடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இருந்தார்கள். விலை சரியாக இருந்தது என்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் சரியாக இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

ஒரே எண்ணில் நியாயத்தை அடைத்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட கணிப்பு முறை ஒன்று அதே பழைய ரூன்ஸ்கேப்பில் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ரூன்லைட் என்னும் துணைச்செயலியைப் பயன்படுத்தும் ஆட்டக்காரர்களின் உண்மையான விற்பனைகளிலிருந்து, அந்த விளையாட்டின் விக்கி ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு விலைகளை வெளியிடுகிறது: உடனே வாங்க வேண்டும் என்று அவசரப்பட்டவர் கடைசியாகக் கொடுத்தது ஒன்று, உடனே விற்க வேண்டும் என்று அவசரப்பட்டவர் கடைசியாகப் பெற்றது மற்றொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த விற்பனை நடந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் எழுதப்படுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கைமாறும் மீனுக்கும் அம்புக்கும் இரண்டு எண்களும் ஒட்டி நிற்கின்றன, நேரம் சில நொடிகள். அரிதாக விற்கும் பண்டத்துக்கு இரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம், நேரம் பல மணிகள். பள்ளத்தின் அகலம் அந்தப் பண்டத்தைப் பற்றிய ஊரின் அறியாமையை ஏறத்தாழ அளந்து காட்டுகிறது. காத்திருக்க முடிந்தவர் அந்தப் பள்ளத்தின் ஒரு கரையிலும், காத்திருக்க முடியாதவர் மறுகரையிலும் நிற்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் திறந்து வைத்துக்கொண்டு பேரத்துக்கு வரும் ஒருவருக்கு, எதிரில் இருப்பவர் அவற்றைப் பார்த்திருக்கிறாரா என்று ஒரு வரியில் கேட்டுவிடுவதற்கான வசதி எப்போதும் உண்டு. கட்டத்தின் கீழேயே பேசுவதற்கான இடமும் இருக்கிறது.